அடிவயிற்றில் ஓர் ஆன்டெனா

விமானத்தின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்து அவன் மூன்றாவது துளையைப் போட்டுக்கொண்டிருந்தான். அலுமினியத் துருவல் மூக்குக் கண்ணாடியில் உதிர்ந்தது. இரைச்சலில், கருவிப்பெட்டி மேல் கிடந்த போன் அதிர்ந்தது அவனுக்குக் கேட்கவில்லை.

அது அக்காவின் விமானம். இருவர் உட்காரலாம். நில அளவையாளரான அக்கா, அளக்கப் போகிற இடங்களுக்கெல்லாம் அதில்தான் போய்வந்தாள். நான்கு மாதத்துக்கு முன் மகளை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, கீழேயிருந்து இன்னொரு விமானம் குறுக்கே ஏறி வந்தது. "அந்த ஆளோட தொப்பி கலர்கூடத் தெரிஞ்சுதுடா" என்று சொன்னாள். அடுத்த மாதமே படுக்கையில் விழுந்தாள். இனி மகள் தனியாகத்தான் ஓட்ட வேண்டும். சுற்றிப் பறக்கிற விமானங்களையும் முன்னால் இருக்கிற மழையையும் திரையில் காட்டும் ரிசீவர் ஒன்றைப் பொருத்திவிடு என்று தம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு அதுதானே தொழில்.

ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதென்றால் அவனுக்குக் கால் வராது. மூன்று நாளைக்கு முன் போனபோதும், கையில் இரண்டு ஆன்டெனாக்களை எடுத்துக்கொண்டுதான் போனான். ஒன்று மெல்லிய கம்பி. மற்றது மீன் துடுப்புப் போலத் தட்டையானது. நர்ஸ் அவற்றைப் பார்த்துவிட்டு, "இத உடம்புக்குள்ள வைக்கப்போறாங்களா?" என்று கேட்டாள். அக்கா சிரித்து, சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று.

"கண்ணாடியில ஒட்டுறது ஒண்ணு இருக்காமே. ஓட்டை போட வேணாமாம்" என்றாள் அக்கா.

"உள்ள வெச்சா எஞ்சின் மறைக்கும், கூரை மறைக்கும், உக்காந்திருக்கிற ஆளே மறைப்பாங்க. வானிலைத் தகவல் தரையில இருக்கிற கோபுரத்துலேர்ந்து வருது. உன்னைப் பயமுறுத்தினவனும் கீழேர்ந்துதான் வந்தான். வயித்துலதான் வெக்கணும்."

"அங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்கே?"

"அது நாம எங்க இருக்கோம்னு கத்துற ஆன்டெனா. இது கேக்குற ஆன்டெனா. கத்துறவன் பக்கத்துல உக்காந்தா இதுக்குக் காது அடைச்சுப்போகும். தள்ளித்தான் வெப்பேன்."

"எவ்ளோ தள்ளி?" அளந்தே பிழைத்தவள்.

"மூணடி. புகைக்குழாய்க்கு நேர் பின்னாலயும் இல்லாம, சக்கரம் மறைக்காத இடமா."

அக்கா இரண்டையும் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். கம்பியைத் திருப்பிக் கொடுத்தாள். "என் பொண்ணு விமானத்த வேகவேகமாத் துடைப்பா. ஒரே வாரத்துல ஒடிச்சிடுவா. தட்டையே போடு." பிறகு அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "என்னைப் பார்க்க வரல நீ. ஆன்டெனா காட்ட வந்திருக்க. பரவால்ல. அடுத்த தடவை சும்மா வா."

வருகிறேன் என்றான். போகவில்லை. வேலை இருந்தது. விமானத்தின் வயிறு மெல்லிய தகடு, அதிர்வில் விரிசல் விட்டுவிடும். உள்பக்கம் தாங்கு தகடு வெட்டி வளைக்க வேண்டியிருந்தது. அரை நாள் வேலையை மூன்று நாளாக இழுத்தான்.

மூன்றாவது துளையை முடித்து, விமானத்துக்கு அடியிலிருந்து வெளியே வந்து போனை எடுத்தபோது, அக்கா மகள் ஏழு முறை அழைத்திருந்தாள்.

கை கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அறை வாசலில் அவள் நின்றிருந்தாள். "இருபது நிமிஷம் ஆச்சு மாமா." அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே அக்காவின் கையைத் தொடப் போனவன், தன் விரல்களில் ஒட்டியிருந்த துருவலைப் பார்த்துவிட்டு, சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் ஊர் திரும்பி, ஒன்பதாம் நாள் காலையில்தான் கொட்டகையைத் திறந்தான். சிறிது நேரத்தில் அக்கா மகளும் வந்து நின்றாள்.

"அம்மா உங்களத்தான் கேட்டாங்க. எங்க இருந்தீங்க?"

அவன் விமானத்துக்கு அடியில் கை காட்டினான். "இங்கதான்."

"போன் கேக்கலயா?"

"கேக்கல." தரையில் கிடந்த துருவலைக் காலால் ஒதுக்கிக்கொண்டே, "கேக்காத இடமாப் பாத்துத்தான் படுத்திருந்தேன்" என்றான்.

போய்விடுவாள் என்று நினைத்தான். அவள் கைப்பையைக் கழற்றி வைத்தாள். "நான் என்ன பண்ணணும்?"

இருவர் செய்ய வேண்டிய வேலைதான் மிச்சம். அவள் உள்ளே குனிந்து நட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். அவன் கீழே படுத்து, உலோகத்தோடு உலோகம் படும்படி பெயின்ட்டைச் சுரண்டி, ஆன்டெனாவை வைத்து முறுக்கினான். இருவருக்கும் நடுவில் ஒரு தகடு. "பிடிச்சிட்டியா", "ம்", "இன்னும் கொஞ்சம்", "ம்". சுற்றிலும் நீர் புகாத பசையைத் தடவி விரலால் வழித்துவிட்டான்.

விமானத்தை வெயிலுக்குத் தள்ளி, ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்தார்கள். திரையில் வானிலைப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"தரையில எடுக்காது. மேல போனாத்தான் கோபுரம் தெரியும்."

மற்ற விமானங்களுக்கான பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன முக்கோணம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அண்ணாந்து தேடினார்கள். அவள் கண்டுபிடித்துவிட்டாள்; அவனுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு ஒரு சுத்து போய்ப் பாக்கிறேன்" என்று ஓட்டுபவர் இருக்கையில் ஏறினாள். கால்கள் மிதிகளுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டன. அக்கா நெட்டை; இருக்கை அவள் கடைசியாக நகர்த்திவைத்த இடத்திலேயே இருந்தது. அவன் இருக்கையை முன்னுக்கு நகர்த்தும் கைப்பிடியைக் குனிந்து பிடித்தான்.

"இருக்கட்டும் மாமா."

இறங்கி, கார் வரை நடந்துபோய், பின்சீட்டிலிருந்து ஒரு தலையணையை எடுத்து வந்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இப்போது கால் எட்டியது.