வாணியின் வீட்டுக்குப் பிரேக் பார்த்தது

காளியண்ணனின் மகள் வாணியின் வீட்டை டிரெய்லரில் ஏற்றியாகிவிட்டது. மருமகனுக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை. அதனால் வீடு போகிறது. வீட்டை விட்டு இறங்கி வா என்றால், பருப்பு வேகிறது என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாள் வாணி.

தெரு முடிகிற இடத்தில் கணவாய் இறக்கம். பிரேக் விட்டால் மகள் மிஞ்ச மாட்டாள். ஆகவே காளியண்ணன் தானே சோதிக்க வந்தார். அவர் டிரைவர்களை நம்ப மாட்டார். தானும் டிரைவராக இருந்தவர் என்பதுதான் காரணம்.

ஒருவன் மேலே உட்கார்ந்து பெடலை மிதிப்பான், இன்னொருவன் கீழே சக்கரத்தைப் பார்ப்பான். அதுதான் வழக்கம். மிதிக்க வேண்டிய மெக்கானிக் ரப்பானி காலையிலேயே காற்று மீட்டராக மாறிவிட்டான். முகத்தில் முள் ஆடியது. சட்டைப்பையில் பேனா மட்டும் அப்படியே இருந்தது.

"கால் இல்லாம எப்பிடிடா மிதிப்பே?"

"அதுக்குத்தானுங்ணா ரிமோட்டு. அமுக்குனா புடிக்கும். மறுக்கா அமுக்குனா விடும்."

"வேற எவனாச்சும் அமுக்குனா?"

"உங்க கையில இருக்கறப்ப எவன் அமுக்குவான்?"

"நான் அமுக்கறத நீயும் பாக்காதே."

ரப்பானி முள்ளைத் திருப்பிக்கொண்டான்.

காளியண்ணன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, உதைத்துப் பார்த்தார். பிறகு தள்ளி நின்று அமுக்கினார். புஸ்ஸென்று காற்று போனது. ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மூன்று அச்சுதான் இருந்தது. நடக்க நடக்க எண்ணிக்கை கூடியது. தெருக்காரர்கள் டிரெய்லர் நிழலிலேயே குடித்தனம் நடத்தத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ரேஷன் கடை திறந்திருந்தது.

"வெளிய வாய்யா. அடியில ஆள் இருந்தா நான் அமுக்க மாட்டேன்."

"ஒருத்தருக்குச் சீனி போட்டுட்டு வந்தர்றனுங்."

கடைக்காரர் வந்தார். தராசும் பின்னாலேயே வந்தது.

கடைசிச் சக்கரம் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தார். காற்றுக் குழாயை இழுத்து மடித்து, அதில் வாணி துணி காயப்போட்டிருந்தாள். துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குழாயை நீவிவிட்டார். விலகி வந்து, அமுக்கிப் பிரேக்கை விட்டார், மறுபடி அமுக்கிப் பிடித்தார். சக்கரம் கல்லாகிவிட்டது.

கட்டைகளை எடுத்தார். வண்டி இம்மியும் நகரவில்லை. அவருக்கு நம்பிக்கை வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

வாணி சன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பிரேக் புடிச்சிருக்குதுங்ளா?"

"புடிச்சிருக்குது சாமி."

"அப்பறம் ஏன் போறீங்க?"

காளியண்ணன் காலைப் பார்த்தார். கால் நடக்கவில்லை. ரோடு போய்க்கொண்டிருந்தது. அவரையும் ரேஷன் கடைக்காரரையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் மெதுவாக உருண்டது.

"நான் எங்க போறேன்? நீதானே ஊரை உட்டுப் போறே?"

"நான் அடுப்படியிலதான இருக்கறனுங்."

"ஒருக்கா அமுக்குங்கண்ணா, வண்டியும் கூட வந்துரும்!" ரப்பானி மேலேயிருந்து கத்தினான்.

கூட வரும். ஆனால் இறக்கத்தில் வரும். எந்த வேகத்தில் வரும் என்று எவனும் எழுதிக் கொடுக்க மாட்டான். காளியண்ணன் ரிமோட்டிலிருந்த பேட்டரியைக் கழற்றி வாயில் போட்டு அடக்கிக்கொண்டார்.

வாணி ஏதோ கேட்டாள். பதில் சொல்ல வாய் இல்லை. கையை ஆட்டினார்.

ரோடு வேகம் பிடித்தது. மேலே வீடு அசையாமல் நின்றது.

நல்ல பிரேக்.