சேவ் பண்ணிட்டுப் போங்க

தங்கையின் கைபேசி மறுபடியும் அடித்தது. தகனம் முடிந்து வந்தவர்கள் கூடத்தில் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"குளிச்சிட்டு இருக்கா தம்பி. வந்ததும் கூப்பிடச் சொல்றேன்."

காலையிலிருந்து இதே பதில்தான். நேற்று வேலைக்குப் போனவளை லாரி அடித்துப் போட்டது அந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும்? எல்லாக் கிளைகளின் கணினிகளையும் இணைக்கும் தலைமை அலுவலகத்தின் பெரிய நெட்வொர்க் ஸ்விட்சுக்குள் எந்தக் கிளையிலிருந்து யார் நுழைந்தாலும், கடவுச்சொல் கேட்கும் முன் ஓர் எச்சரிக்கை வரும். அனுமதியில்லாதவர் நுழையக்கூடாது, சிக்கலென்றால் இந்த எண்ணுக்குப் பேசவும். எழுதியவள் அவள். எண்ணும் அவளுடையதுதான்.

அண்ணனுக்கும் அதே நிறுவனம், அதே வேலை. துக்கத்துக்கு வந்திருந்த மேலாளர் அவனை வாசலுக்குக் கூட்டிப்போனார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். அந்த நம்பரை மட்டும் மாத்திடுப்பா. அம்மாவைப் பாக்க முடியல."

தங்கையின் அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தான். எச்சரிக்கை வந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்ததும், உள்ளே வந்தவர்களுக்கான அடுத்த செய்தி, ஆங்கில எழுத்தில் தமிழ். அவனுக்காகவே வைத்தது. சேவ் பண்ண மறக்கிற ஆள் அலுவலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

"துரை, வேலை முடிஞ்சா சேவ் பண்ணிட்டுப் போங்க. இல்லேன்னா கரண்ட் போய் வந்ததும் எல்லாம் பழையபடிதான்."

எச்சரிக்கையில் அவள் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டான். சேவ் பண்ணக் கை வரவில்லை. பழையபடி என்ற சொல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரண்ட் போகட்டும், இப்போதே போகட்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அது போகவில்லை. கடைசியில் சேவ் பண்ணினான். அந்த விரலை வெட்டிப்போடலாம் போலிருந்தது.

அதன்பின் அழைப்புகள் அவன் சட்டைப்பைக்கு வந்தன. இருட்டும் நேரத்தில் அம்மா தங்கையின் கைபேசியோடு வந்து எதிரே நின்றாள்.

"என்னடா, ஃபோன் வாயே திறக்க மாட்டேங்குது? கெட்டுப்போச்சா? நீ ஒரு தடவை அடிச்சுப் பாரு."

அவன் அடித்தான். அவள் கையில் மணி ஒலித்தது. திரையில் 'துரை' என்று வந்தது. அம்மா அதைப் பார்த்தாள். அவனையும் பார்த்தாள். பிறகு காதில் வைத்தாள்.

"குளிச்சிட்டு இருக்கா."

அவன் தன் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"சரிம்மா. அவசரமில்ல. வந்ததும் சொல்லு."

"சொல்றேன்."

இருவரும் காதிலிருந்து எடுக்கவில்லை.