பெயருக்குப் பின்னால் விட்ட இடம்

1

இந்தக் கதை சமயநல்லூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்த ஒரு கண்ணீர் அஞ்சலி பிளக்ஸிலிருந்து வந்தது. இளைஞன் படம், தோற்றம், மறைவு, கீழே நண்பர்களின் முகங்கள். பெயர் மட்டும் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. ஏன் என்று விசாரிப்பதற்குள் என் பஸ் வந்துவிட்டது. இனி வருவதெல்லாம் கற்பனை.

2

'பீமாராவ் இறந்த அன்று மழை கொட்டித் தீர்த்தது, வானமே...'

(வேண்டாம். மதுரையில் அன்றும் வெயில்தான் அடித்திருக்கும்.)

நேராகவே சொல்கிறேன். பீமாராவுக்குப் பொறியியல் படிப்பில் ஒரே ஒரு அரியர் பாக்கி இருந்தது, மூன்றாம் பருவக் கணக்கு. அதையும் எழுதிவிட்டு பைக்கில் திரும்பும்போது நாலுவழிச் சாலையில் லாரி மோதிச் செத்துப்போனான். ரிசல்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

3

பிளக்ஸ் கடையில் விக்ரம் உட்கார்ந்திருந்தான். பீமாராவுடன் படித்தவன், அந்தக் கணக்கை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் இவன்தான். பக்கத்தில் பீமாராவின் அப்பா மொக்கைச்சாமி.

"பேருக்குப் பின்னாடி பி.இ.* போட்டுருவமா தம்பி?" என்று கேட்டார் கடைக்காரர் முத்திருளன்.

கணினித் திரையில் இருந்த பெயரைப் பார்த்தபடி விக்ரம் சொன்னான்.

"போட்டுருங்கண்ணே. யாரு வந்து கேக்கப் போறா."

முதல் பிரதியில் மொக்கைச்சாமியை இந்த இடத்தில் கதறி அழவைத்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.

"வேணாம்ப்பா," என்றார். "எவனாச்சும் கேட்டுட்டா எம்மகன் பேருல்ல கெடும். ரிசல்ட்டு வரட்டும். எடம் மட்டும் விட்டு வைங்க."

முத்திருளன் பெயரை இடப்பக்கம் நகர்த்தினார்.

* பட்டத்துக்கான விதிகளைத் தேடிப் படித்தேன். எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். ஒரு கிரெடிட் குறைந்தாலும் பட்டம் இல்லை. முக்கால் இஞ்சினியர் என்று யாரும் கிடையாது. செத்தவர்களுக்குச் சலுகை உண்டா என்றும் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

4

முடிவு ஒன்று: தேறிவிட்டான். விக்ரம் ஏணி வைத்து ஏறி இரண்டு எழுத்துகளை ஒட்டுகிறான். ஒட்டி முடித்தும் பீமாராவ் வீடு திரும்பவில்லை.

முடிவு இரண்டு: தேறவில்லை. பாஸ் என்று விக்ரம் பொய் சொல்கிறான். அப்பா அதை நம்பி, தெருவில் எல்லோரிடமும்...

(எழுத மனம் வரவில்லை.)

5

ரிசல்ட் வந்த அன்றும் பிளக்ஸ் பஸ் நிறுத்தத்திலேயே நின்றது. நம் ஊரில் அவை அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை. வெயிலில் பையனின் முகம் வெளுத்திருந்தது.

"பாத்துச் சொல்லுப்பா," என்றார் மொக்கைச்சாமி. "எதுன்னாலும் சொல்லு."

விக்ரம் செல்போனில் பதிவு எண்ணைப் போட்டான். அடுத்து பிறந்த தேதி கேட்டது. வருஷா வருஷம் கேக் வெட்டிய நாள்தான். இப்போது பார்த்து மறந்துபோனது. தலையைத் தூக்கினான். பிளக்ஸில் 'தோற்றம்' என்ற சொல்லுக்கு எதிரே இருந்தது. பார்த்துப் பார்த்துத் தட்டினான்.

திரையில் வட்டம் சுற்றுகிறது. வாசகரே, நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. செல்போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். எது வந்தாலும் உள்ளபடியே சொல்லுங்கள். இடம் விடச் சொன்னவர் அவர்.