இருபது கல் தூரம்

காலை ஆறரை மணிக்கே மொட்டை மாடியில் ஒரே ஆர்ப்பாட்டம். "பதினொண்ணு! அப்பா மறுபடியும் அவுட்டு!" என்று வாலு குதித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவுக்காக அவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம், வீட்டில் வாலுதான். துணி காயப்போட வாளியோடு ஏறிப் போன நான், கொடிக்கயிற்றுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். இறகுப்பந்து இவருடைய தோளுக்கு ஒரு சாண் தள்ளி, சோம்பேறித்தனமாக வந்து இறங்கியது. இவர் மட்டையை வீசியபோது அது தரையில் கிடந்தது. சிரித்துக்கொண்டே குனிந்தார். கை முதலில் போனது பந்துக்கு இல்லை, பக்கத்தில் விழுந்து கிடந்த வெள்ளைத் துணிக் கிளிப்புக்கு.

"பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமாங்க?" என்றேன்.

"ஜெயிச்சிட்டுப் போகட்டும் விடு. லீவுதானே," என்றார்.

நானும் நம்பித் தொலைத்தேன். இவர் பஸ் ஓட்டுகிறவர். பதினான்கு வருடமாக ஒரே தடம், ஒரே பஸ் என்றுகூடச் சொல்லலாம். கோடைக்குப் பத்து நாள் லீவு எடுத்திருந்தார், நானும் கூடவே எடுத்திருந்தேன். அன்றோடு அது முடிகிறது. மறுநாள் காலை ஐந்தரைக்கு முதல் வண்டி. வேலையில் சேரும்போது டெப்போவில் கொடுக்க வேண்டிய கண் சான்றிதழ், பழுப்புக் கவரில், பிரிட்ஜ் மேல் தயாராக இருந்தது. அதில் பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதியது என் கை. கண் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்கிற வேலை எனக்கு. பன்னிரண்டு வருட அனுபவம். நான் எழுதிக் கொடுத்துவிட்டால் பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். கண் ஆஸ்பத்திரியில் இப்படிச் சொல்லக் கூடாது என்று நாங்களே எங்களைக் கிண்டல் செய்துகொள்வோம்.

அந்தப் பத்து நாளும் எங்களுக்கு ராஜபோகம்தான். எங்கேயும் வெளியூர் போகவில்லை. மத்தியானத்தில் தரையில் தண்ணீர் தெளித்து, ஜன்னலில் ஈரத்துண்டு கட்டி, மூன்று பேரும் வெறுந்தரையில் படுத்துக் கிடப்போம். ஆஸ்பத்திரியில் ஓரம் கிழிந்துபோனதென்று தூக்கிப் போட்ட எழுத்து அட்டை ஒன்றை, வாலு எழுத்துப் பழகட்டும் என்று மூன்று வருடத்துக்கு முன் கொண்டுவந்து வாசற்கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். அங்கிருந்து சமையலறை வாசல் வரை தரையில் சரியாக இருபது கல். ஒரு கல் ஒரு அடி. ஆஸ்பத்திரியிலும் அதே இருபது அடிதான். அட்டையை மேலிருந்து கீழே பாட்டு மாதிரி ராகம் போட்டு ஒப்பிப்பது எங்கள் வீட்டு மத்தியான விளையாட்டு. ஐந்தாவது வரியில் "ந ப ட ர" என்று வரும். வாலு நாலு வயதில் அதை "ந ட ப ர" என்று மாற்றிச் சொல்வாள். அந்தத் தப்பு எங்களுக்குப் பிடித்துப்போய், நாங்களும் அப்படியே சொல்லிச் சிரிப்போம். வீட்டுக்கு வீடு இப்படி ஏதாவது ஒரு கிறுக்குத்தனம் இருக்கத்தானே செய்யும்.

சாயங்காலம் ஏரிக்குக் கிளம்பினோம். லீவின் கடைசி நாள், படகில் போயே ஆக வேண்டும் என்று வாலு காலையிலிருந்து உயிரை வாங்கிவிட்டாள். ஸ்கூட்டரில் அவள் முன்னால் நின்றுகொள்ள, நான் பின்னால். பெரிய தெருவைத் தாண்டி ஏரிச் சாலைக்குத் திரும்பியதும் ஒரு வேகத்தடை. இரண்டு நாளைக்கு முன்தான் புதிதாகப் போட்டிருந்தார்கள், இன்னும் வெள்ளைக்கோடு அடிக்கவில்லை. இவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. தூக்கிப் போட்டதில் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கண்ணை எங்க வச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

"பார்த்தேன், பார்த்தேன். பிரேக் கொஞ்சம் லூசு," என்றார். அந்த பிரேக்கை முந்தாநாள்தான் அவரே உட்கார்ந்து முடுக்கியிருந்தார். அதற்குப் பிறகு ரோட்டில் வந்த ஒவ்வொன்றையும், சைக்கிளை, நாயை, ஐஸ் வண்டியை, அவருக்கும் சேர்த்து நானே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏரியில் நல்ல கூட்டம். மிதிபடகில் அரைமணி நேரம். வாலுவுக்குக் கால் எட்டவில்லை, ஆனாலும் தான்தான் ஓட்டுகிறேன் என்று ஒரே அதிகாரம். தண்ணீரிலிருந்து காற்று குளிர்ச்சியாக வந்தது. இவர் சட்டைப் பட்டன் இரண்டைக் கழற்றிவிட்டு, "இந்தக் காத்துக்காகவே இன்னும் பத்து நாள் லீவு கேட்கலாம்," என்றார். நன்றாகத்தான் இருந்தது. அந்த அரைமணி நேரம் எனக்கு எந்த நினைப்பும் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் நினைப்பை ஒதுக்கிவைக்க முடிந்தது.

கரைக்கு வந்ததும் இவர் ஐஸ்கிரீம் வாங்கப் போனார். நானும் வாலுவும் புங்க மரத்தடியில் நின்றோம். நான் மஞ்சள் புடவை, அவள் சிவப்புக் கவுன். எங்களுக்கு இடதுபக்கம், ஏழெட்டு அடி தள்ளி, இன்னொரு அம்மாவும் பெண்ணும். அந்த அம்மாவும் மஞ்சள். அந்தப் பிள்ளை சிவப்புகூட இல்லை, ஆரஞ்சு. இவர் இரண்டு கையிலும் மூன்று ஐஸ்கிரீமைப் பிடித்துக்கொண்டு, உருகுவதற்குள் வந்துவிட வேண்டுமென்று வேகமாக வந்தார். நேராக அவர்களிடம் போனார். குனிந்து, "ஏய் வாலு, சீக்கிரம் பிடி, கையெல்லாம் ஒழுகுது," என்று அந்தப் பிள்ளையிடம் நீட்டினார்.

அந்தப் பிள்ளை மிரண்டுபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்த அம்மா இவரை ஏற இறங்கப் பார்த்தாள். என் பக்கத்திலிருந்த வாலு, "அப்பாவுக்கு நம்மளையே தெரியலை!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் முகம் அந்த அம்மாவின் முகம் இல்லை. உயரமும் இல்லை. நிறம் ஒன்றைத்தான் இந்த மனுஷர் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அப்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. லீவுக்கு முந்தைய வாரம், ஆஸ்பத்திரியில், என் எதிரில் இவர். ஒரு கண்ணுக்குக் கறுப்பு மூடி. அட்டையை மேலிருந்து கீழே மளமளவென்று படித்தார். ஐந்தாவது வரியில் "ந ட ப ர" என்றார். வேலை இடத்தில் வந்து குறும்பு பண்ணுகிறார் என்று நினைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, எல்லா வரியும் சரி என்று எழுதினேன். அட்டையைப் பார்த்துப் படிக்கிற யாரும் அந்தத் தப்பைச் செய்ய முடியாது. உலகத்தில் மூன்று பேர்தான் அதைச் செய்வார்கள். வீட்டில் ஒட்டியிருப்பதும் ஆஸ்பத்திரியில் தொங்குவதும் ஒரே அட்டை என்பது பன்னிரண்டு வருட அனுபவசாலியின் மரமண்டையில் ஏறவே இல்லை.

"வெயில் நேரா மூஞ்சில அடிச்சுது," என்றார் எங்களிடம் வந்து. வெயில் அவருக்குப் பின்னால் இருந்தது.

ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டேன். மறுநாள் ஐந்தரை மணி வண்டியில் யார் யார் ஏறுவார்கள் என்று எனக்கே தெரியும். பால் கேன்காரர், ஷிப்டு முடிந்து வருகிற நர்ஸுகள், டியூஷன் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் சாலையைப் பார்த்தா கடக்கிறார்கள்? இவரை நம்பி என்றுகூட இல்லை, நான் எழுதிக் கொடுத்ததை நம்பி இவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்திருக்கிறார்கள். கோபம் கோபமாக வந்தது. இவர் மேல் பாதி, என் மேல் மீதி. நடு ஏரிக்கரையில், பிள்ளையை வைத்துக்கொண்டு, என்னத்தைச் சொல்வது?

கிளம்பும்போது ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "எனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்குங்க. குலுங்கினா வாந்தி வந்துரும். நடந்தே போகலாமே," என்றேன். பச்சைப் பொய். வீடு இரண்டு கிலோமீட்டர்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு கிட்டத்தில் தெரிந்திருக்கும். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைத் தள்ள ஆரம்பித்தார். வாலுவைத் தூக்கி சீட்டில் உட்காரவைத்தோம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் "விலகு விலகு, மகாராணி வர்றாங்க" என்று கத்திக்கொண்டே வந்தாள். இவர் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அந்தப் புது வேகத்தடை வந்தபோது, "இங்க மேடு," என்றேன் மெதுவாக. "ம்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் குளிக்கப் போனார். நான் கதவிலிருந்து எழுத்து அட்டையைப் பிய்த்து எடுத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பென்சிலால் வரி வரியாக, முன்பக்கத்து அளவுக்கே கோடு போட்டு, வாலுவிடம் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தேன். "டாக்டர் விளையாட்டுக்குப் புது அட்டை. கோட்டுக்குள்ள உனக்குப் பிடிச்ச எழுத்தா எழுது. பழசு ஒண்ணும் வரக்கூடாது." பிள்ளையை வைத்து அப்பாவுக்கு வலை விரிக்கிறோமே என்று கை கூசியது. வேறு வழியும் தெரியவில்லை. நானே கேட்டால் இவர் மென்று விழுங்கிவிடுவார், இல்லை, சிரித்து மழுப்பிவிடுவார். வாலு நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதி முடித்தாள். அதே இடத்தில் ஒட்டினோம். விளக்கையும் போட்டேன். வாளித் தண்ணீரில் காலையிலிருந்து குளிர்ந்துகொண்டிருந்த தர்பூசணியை எடுத்து, சமையலறை வாசலில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன்.

இவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். ஈரக்கால்.

"அடுத்தவங்க உள்ள வரலாம்!" என்றாள் வாலு, கையில் குச்சியோடு.

"வந்துட்டேன் டாக்டர்," என்று இவர் என் பக்கத்தில் இருபதாவது கல்லில் வந்து நின்றார். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடினார். பத்து நாளாக விளையாடிய அதே ராகத்தில், சிரித்த முகத்தோடு, ஆரம்பித்தார். முதல் வரி. இரண்டாவது வரி. நான் கத்தியை நிறுத்திவிட்டேன். ஐந்தாவது வரியில் "ந ட ப ர" என்று வந்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அய்யய்யே!" வாலு குச்சியால் கதவைத் தட்டினாள். "ஒண்ணு கூட அது இல்லப்பா! நான் எல்லாம் புதுசா எழுதியிருக்கேன். நீ பார்க்கவே இல்ல!"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. கையைக் கண்ணிலிருந்து எடுத்தார். அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்ப மாத்தின?"

"நீங்க குளிக்கப் போனப்ப."

"எப்ப தெரிஞ்சுது?"

"ஏரியில. உங்களுக்கு?"

"மழைக்காலத்துலருந்து," என்றார். "எங்க சீனியர் டிரைவருக்கு இதே மாதிரி ஆச்சு. கீழ இறக்கி டெப்போ கேட்டுல உட்கார வச்சுட்டாங்க. வர்ற போற வண்டி நம்பரை எழுதிக்கிட்டிருக்காரு, அதையும் பக்கத்துல ஒருத்தன் படிச்சுச் சொல்றான்."

"அதுக்காக?"

"ரோடு பூரா எனக்கு மனப்பாடம். எங்க பள்ளம், எங்க ஸ்டாப்பு, எங்க வளைவு, எல்லாம். ஆளுங்கதான் மனப்பாடம் ஆக மாட்டேங்கிறாங்க." துண்டைத் தோளில் போட்டார். "ஒவ்வொரு நாளும் புதுசு புதுசா நடுவுல வந்து நிக்கிறாங்க."

அது வெறும் கண்ணாடியில் சரியாகிற விஷயமாகவும் இருக்கலாம். ஆபரேஷனாகவும் இருக்கலாம். கண்ணுக்குப் பின்னால் எதுவோ கெட்டுப்போயிருக்கலாம். பெரிய டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எல்லாம் என் வாய்வரை வந்தது. தினம் நாற்பது பேருக்குச் சொல்கிற ஆறுதல்தான். இவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. எழுந்துபோய் பிரிட்ஜ் மேலிருந்த பழுப்புக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவர் அதைப் பார்த்தார். பிடுங்கிவிடுவாரோ என்று ஒரு நொடி பயந்தேன். சத்தியமாகப் பயந்தேன்.

"அப்பா, விளையாட்டை விட்டுட்டுப் போகக் கூடாது," என்றாள் வாலு. "தெரியலைன்னா கிட்ட வந்து படி. அது தப்பில்ல. அம்மா ஆஸ்பத்திரியில அப்படித்தான்."

இவர் மறுபடியும் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். இந்தத் தடவை ராகம் இல்லை. முதல் எழுத்தை நின்ற இடத்திலிருந்தே சொன்னார். "சரி!" என்றாள் டாக்டர். இரண்டாவது வரிக்கு ஒரு கல் முன்னால் போனார். மூன்றாவது வரிக்கு நாலு கல். கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, நடக்கப் பழகுகிற குழந்தை மாதிரி ஒவ்வொரு காலாக வைத்தார்.

"பேனா இருக்கா?" என்றார் திரும்பாமலே.

"இருக்கு."

"எத்தனாவது கல்லுன்னு எழுதிக்கோ."

வாலுவின் ஸ்கெட்ச் பேனாவால் கவரின் முதுகில் எழுதினேன். வாலு குச்சியை நாலாவது வரியில் வைத்துக் காத்திருந்தாள். வெட்டிய தர்பூசணியின் சாறு தட்டிலிருந்து வழிந்து தரைக்கு வந்துகொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. இவர் இன்னும் ஒரு கல் போனார், இன்னும் ஒன்று. பின்னால் ஈரக்கால் தடங்கள் வரிசையாக விழுந்திருந்தன. கோடைக்காலத் தரை. எண்ணி முடிப்பதற்குள் என் பக்கத்திலிருந்த தடம் காய்ந்து மறைய ஆரம்பித்திருந்தது.