லாரியில் இடம் கிடைக்காத வாத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டுப் போரில் தாத்தா சொந்த ஊரான யாஃபாவை விட்டு அகதியாக லாரியில் வந்த கதையை ஆவணப்படமாக எடுக்கப் போகிறேன் என்று சுஹா சொன்னபோது, வீட்டில் எல்லோரும் கண்ணீரும் கம்பலையுமாகப் பேசுவார்கள் என்றுதான் நம்பியிருந்தாள். அம்மான் நகரத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததோ வாத்துச் சண்டை.

"எங்கப்பா கையில வாத்து இருந்துச்சு. வெள்ளை வாத்து," என்றாள் விதாத் அத்தை, கேமராவுக்கென்றே பூசிய உதட்டுச் சாயம் மின்ன.

"வாத்தாம் வாத்து! அது கிராமஃபோன்," என்று எழுந்தே விட்டார் சுஹாவின் அப்பா நஸ்மி.

"நீ பாத்தியா? அப்ப நீ பொறக்கவே இல்லடா!"

"நீ மட்டும் லாரியில உக்காந்திருந்தியாக்கா? நீயும்தான் பொறக்கல!"

அத்தை விடவில்லை. வாத்து கத்தியதைக் கத்தியே காட்டினாள். அதற்குப் போட்டியாக அப்பா கிராமஃபோன் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். இரண்டையும் மீறி அடுப்படியிலிருந்து இடி போல ஒரு தும்மல்.

"கட்!" என்றாள் சுஹா. தாத்தாவின் கடைசித் தம்பி ரிஃபாத்தின் தும்மல் அது. ஒலிப்பதிவு கெடுகிறதென்று அவள்தான் அவரிடம் கொறிக்க ஒரு தட்டு வறுத்த தர்பூசணி விதையைக் கொடுத்து அங்கே உட்கார வைத்திருந்தாள். "சின்னத் தாத்தா, கொஞ்சம் சத்தம் போடாம இருங்களேன்!"

கிழவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"இத்தனை வருஷம் சத்தம் போடாமத்தானே இருந்தேன்? வாத்தும் இருந்துச்சு, கிராமஃபோனும் இருந்துச்சு. அண்ணன் ரெண்டையும் லாரியில ஏத்திட்டாரு. அப்புறம் பாத்தா எனக்கு இடமில்ல. ரெண்டையும் எறக்கித் தெருவுல வெச்சிட்டு என்னைத் தூக்கி உள்ள போட்டாரு. அஞ்சு வயசு. அந்த வாத்து என்னை மொறச்சுக்கிட்டே லாரி பின்னால ஓடி வந்துச்சு."

அத்தை கண்ணீர் வழிந்த முகத்தைத் துடைக்கப் போய் உதட்டுச் சாயத்தைக் கன்னமெல்லாம் இழுத்துவிட்டாள்.

"ஏன் சித்தப்பா சொல்லவே இல்ல?"

"எங்க விட்டீங்கம்மா? நீங்க ரெண்டு பேரும்தான் லாரியில வந்தவங்க மாதிரி பேசிக்கிட்டே இருந்தீங்களே!"

அப்பா மெல்லச் செருமினார். "அது சரி சித்தப்பா, அந்தக் கிராமஃபோன் பெட்டி என்ன பாட்டு பாடும்?"

"அது எங்கடா பாடுச்சு? ஊசி ஒடஞ்சது."

சுஹா தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். கிழவர் உட்கார்ந்தார், தும்மினார், பிறகு யாஃபாவில் அடுத்த வீட்டு நாவிதரில் தொடங்கித் தெருவில் ஒருத்தர் கதையையும் சொல்லாமல் விடவில்லை. அக்காவும் தம்பியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிப் போனார்கள். சுஹா கேமராவை நிறுத்தவில்லை.

"அப்புறம், தாத்தா?" என்றாள்.