ஆர்கானில் சிக்கிய வசவு

வைட்ஃபீல்டில் ஒன்பதாவது மாடி வீடொன்றின் ஹால் ஜன்னல், 2023 மார்ச்சிலிருந்து, வெயிலடிக்கிற நாளெல்லாம் காலை பதினொன்றே காலுக்குப் பேசியது. ஒரே வசனம்தான்: "மரமாட்டம் கீற பாரு. போயி ஒரு வேலையப் பாரேன், தண்டச்சோறு."

குரல் செண்பகத்துடையது. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் நிற்பவள். சூட்டைத் திருப்பியனுப்பும் வெள்ளிப் பூச்சுக் கண்ணாடி ஒன்று, சாதாரணக் கண்ணாடி ஒன்று, இரண்டையும் கழுவித் துடைக்க வேண்டும். நடுவில் வரும் அலுமினியச் சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளைக் கொட்டி, ஓரத்தில் கருப்புப் பசை இழுக்க வேண்டும். பிரஸ்ஸுக்குள் இடைவெளியில் ஆர்கான் வாயு ஏறியதும் கண்ணாடிகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் உள்ளே போனது வெளியே வராது. அந்த வீட்டு ஜன்னலைச் செய்த அன்றைக்கு மகள் ஆஷாவுக்குக் காய்ச்சலென்று செண்பகம் கேட்ட அரைநாள் லீவை சூப்பர்வைசர் ஞானசேகரன் மறுத்துவிட்டு, இடுப்பில் கைவைத்தபடி அங்கேயே நின்றார். அவள் வாய்க்குள்ளேயே சொன்னாள். சொல்லி முடிக்கவும் பிரஸ் மூடவும் சரியாக இருந்தது.

அந்த வீட்டுக்காரி நிருபமா ஆபீஸ் போய்விடுவாள். கணவன் அச்யுத்துக்கு ஹால் சோபாதான் ஆபீஸ். ரோட்டு ஹாரன் எதையும் உள்ளே விடாத கண்ணாடி என்பதால், ஆர்கான் சூடாகிப் பேசியபோது ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாகக் கேட்டது. வீடியோ மீட்டிங்கில் இருந்த பதினான்கு பேருக்கும் கேட்டது. தமிழ் தெரியாத ஒன்பது பேருக்கு மற்ற ஐந்து பேர் அர்த்தம் சொன்னார்கள்.

அச்யுத் புகார் எழுதினான். பேசியவளை வேலையை விட்டு அனுப்புவதென்று கம்பெனி முடிவுசெய்து, குரலைக் கண்டுபிடிக்க மெஷினில் நிற்கும் பதினெட்டுப் பெண்களையும் கேன்டீனில் வரிசையாக நிறுத்தியது. ஒவ்வொருத்தியும் ஞானசேகரன் முகத்துக்கு நேரே அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும்; அது போனில் பதிவாகும். முதல் பெண் கூச்சத்தோடு சொன்னாள். இரண்டாமவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். மூன்றாமவள் சரியாக வரவில்லையென்று இன்னொரு தடவை சொல்ல அனுமதி வாங்கினாள். செண்பகம் ஏழாவதாக நின்றாள். இந்த வேலை போனால் ஆஷாவின் நர்சிங் படிப்பும் போகும். குரலை மாற்றிக் கீச்சென்று சொன்னாள்.

"சத்தமா சொல்லும்மா, கேக்கல," என்றார் ஞானசேகரன்.

அவரே கேட்டதால் சொன்னாள். கேன்டீன் டம்ளர்கள் அதிர்ந்தன. மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பதிவுகளை ஒப்பிட்டபோது பதினெட்டுக் குரலும் ஜன்னலோடு இம்மி பிசகாமல் பொருந்தின. பதினெட்டுப் பேரையும் அனுப்பிவிட்டால் மெஷினில் நிற்க ஆளில்லை.

கண்ணாடியையாவது மாற்றிக் கொடுத்துவிடலாமென்று, ஞானசேகரன் ஒரு சனிக்கிழமை அளவு பிடிக்கச் செண்பகத்தையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். அவர்கள் உள்ளே நுழையவும் ஜன்னல் பேசவும் சரியாக இருந்தது. செண்பகம் தரையைப் பார்த்தாள். ஞானசேகரன் அவரையறியாமல் இரண்டடி நகர்ந்தார். அச்யுத் எழுந்து சமையலறைக்குப் போனான்.

"மாத்த வேண்டாம் சார்," என்றாள் நிருபமா. "இது பேசினா இவர் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கறார். நான் பன்னெண்டு வருஷமா சொல்லி நடக்காதது."

"பழகிடுத்து சார்," என்றான் அச்யுத் உள்ளிருந்து, கையில் நுரையோடு.

மே மாதம் நிருபமா, பிரேசர் டவுனில் இருக்கும் தம்பி ஷ்ரேயாஸ் வீட்டுக்கும் இதேபோல் பேசும் ஜன்னல் ஒன்று ஆர்டர் கொடுத்தாள். ஞானசேகரன் அளவுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். செண்பகம் கண்ணாடிகளைத் துடைத்து நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஆளு எப்டி சார்?"

"மத்தியானம் வரைக்கும் தூங்குவாராம்."

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பிரஸ் மூடும்வரை ஞானசேகரன் வெளியே போய் நின்றார்.