மூக்கு நீண்ட வீடு

"சமையலறையை இடிங்க. குளிக்கிற ரூமை இடிங்க. இந்த ரூம் மேல மட்டும் கை வெக்காதீங்க."

டெய்லரம்மா இதைச் சொன்ன சத்தத்தில், தெருக்கோடி சலூனில் பாதி முகம் மழித்திருந்த ஆள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். எதிர் வீட்டுக்காரர்களான எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. எங்கள் ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும், காற்றுக்காக.

"இடிக்கறேன்னு யாரு சொன்னா? அளந்து பாக்கறேன், அவ்ளோதான்" என்றார் அவள் கணவர். கையில் நாடா. அதுவும் அவளுடைய நாடா, துணி அளக்கிற நாடா.

"அளக்க வந்தவன் சும்மா திரும்பிப் போனதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அவர் நாடாவின் நுனியை விரலில் சுற்றினார், மறுபடி பிரித்தார்.

அவரை நாங்கள் மேயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மேயர் இல்லை. மூன்று முறை எங்கள் வார்டில் ஜெயித்த கவுன்சிலர். இரண்டு முறை மேயர் பதவிக்கு நின்று தோற்றவர். முதல் தோல்விக்குப் பிறகு சலூன்காரர் கேலியாக "வாங்க மேயர்" என்றார். அவரும் மறுக்காமல் வந்து உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டார். பேர் ஒட்டிக்கொண்டது.

ஆளைக் குறை சொல்ல முடியாது. விளக்கு எரியாத கம்பத்தின் கீழே டார்ச்சோடு நின்று, லைன்மேன் வரும்வரை நகராத மனுஷன். சாக்கடை மூடி உடைந்தால் தன் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து குழிமேல் வைத்துவிடுவார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் நின்றுகொண்டே டீ குடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் தெரு குறுகல். மெத்தைக் கடை பற்றி எரிந்த அன்று தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியாமல் தெருமுனையிலேயே நின்றது. இவர்தான் முதல் ஆளாகக் குழாயைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடினார். கடை போயிற்று, கடைக்காரர் வலது கை கருகிப் பிழைத்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு: நான் மேயரானால் தெருக்களை அகலமாக்குவேன்.

இரண்டாவது முறை ஜெயித்திருப்பார் என்று எல்லோரும் சொன்னோம். கெடுத்தது ஒரு போட்டோ. எதிராளி கடைசிக் கூட்டத்தில், நாற்சந்தியில், இவர் வீட்டுப் படத்தைப் பெரிதாகப் போட்டு நிறுத்தினார். வீட்டின் முன்னறை தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற படம். "ரோட்டை அகலப்படுத்தப் போறாராம். முதல்ல தன் வீட்டு மூக்கை அறுக்கச் சொல்லுங்க" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதன்பின் அந்த அறைக்கே மூக்கு என்று பெயர் வந்துவிட்டது.

அந்த மூக்கில்தான் டெய்லரம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா அவளுக்கென்று கட்டிக்கொடுத்த அறை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, கால்வரை தெரிகிற கண்ணாடி, மேலே பரண். தெருப் பெண்கள் அத்தனை பேரின் இடுப்பளவும் அவளுக்கு மனப்பாடம். ஒருத்தியின் அளவை இன்னொருத்தியிடம் சொல்ல மாட்டாள். நாங்கள் எவ்வளவோ கேட்டிருக்கிறோம். கணவர் கூட்டம், மனு, ஊர்வலம் என்று அலைந்த வருஷங்களில் அந்த வீட்டில் அடுப்பெரிந்ததும், மகள் படித்ததும், அந்த மெஷின் ஓடியதால்தான். மேயருக்கும் அது தெரியும். ஆனால் தெரிந்த மாதிரி நடந்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை.

அவளுக்கு ஒரு தம்பி. அப்பா இறந்தபின் அக்கா வீட்டோடு வந்துவிட்டவன், அங்கேயே சாப்பிட்டு, அக்கா தைத்த சட்டையையே போட்டு வளர்ந்தவன். கல்யாணம் ஆகவில்லை. மேயர் அவனை மச்சான் என்று கூப்பிட, ஊருக்கே அவன் மச்சான் ஆனான். இந்த மூன்றாவது தேர்தலில் பிரசாரம் முழுக்க அவன் கையில். சண்டை நடந்த அன்று அவன் பைக்கில் சாய்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் மேயர்தான் இறங்கி வந்தார். நாடாவைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார். "சரிம்மா. உன் ரூமை நான் தொடல. போதுமா?" என்றார். தெரு முழுக்கக் கேட்டது. அவள் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். பாதி முகத்தோடு வந்து நின்றவர் சலூனுக்குத் திரும்பிப் போனார். விஷயம் முடிந்தது என்று நாங்களும் நினைத்தோம்.

ஆனால் மச்சான் விடவில்லை. சலூனில் உட்கார்ந்து மாமனுக்குக் காதில் ஓதிக்கொண்டே இருந்தான் என்று சலூன்காரர் சொன்னார். "நீங்க என்ன பேசினாலும் ஜனங்க நம்ப மாட்டாங்க மாமா. கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க. ஒரே ஒரு சுவர். அது விழறதை வீடியோ எடுத்துப் போட்டா, அவன் வாயை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவான்?" மேயர் முதலில் அவனைத் திட்டினாராம். அப்புறம் திட்டுவதை நிறுத்தினாராம். சலூன்காரர் இதைச் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. அவர் கத்தரியை விட வாய் வேகமாக ஓடுகிற ஆள்.

ஓட்டுப் பதிவுக்கு முந்தைய வாரம். காலையில் மச்சான் அக்காவிடம், மொத்த மார்க்கெட்டில் லைனிங் துணி மலிவாக வந்திருக்கிறது, வண்டி இருக்கிறது, வா என்றான். கல்யாண சீசன், அவளுக்கு ஜிப்பும் பட்டனும்கூட வேண்டியிருந்தது. அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். தம்பி தன்னை வண்டியில் கூட்டிப்போகிறான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. போகும்போது எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனாள்.

பைக் திருப்பம் திரும்பியதும் மறுபக்கத்திலிருந்து பொக்லைன் வந்தது.

அந்தக் குறுகல் தெருவில் அது நுழைந்ததே ஒரு அதிசயம். பின்னால் கட்சிக்காரர்கள், வீடியோக்காரர், மைக் கட்டிய வண்டி. மேயர் வெள்ளைச் சட்டையில் வந்து, பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். இரண்டு மெஷினையும் ஆட்களை விட்டுத் தூக்காமல் தானே ஒரு பக்கம் பிடித்து வெளியே கொண்டுவந்து, போர்வை சுற்றி எங்கள் சுவரோரம் வைத்தார். கண்ணாடியையும் அப்படியே. "பத்திரம், பத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துத்தான் எங்கள் வாய் கட்டிப்போயிற்று. அவள் சம்மதித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தோம். வேறெப்படி நினைக்க முடியும்?

பிறகு மைக்கைப் பிடித்தார். "உங்க வீட்டைத் தொடறதுக்கு முன்னாடி என் வீட்டைத் தொடறேன்" என்றார். கை காட்டினார்.

சுவர் ஒரே இடியில் விழுந்தது. இரண்டாவது இடியில் பரண் சாய்ந்தது. பரணில் இருந்தது அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அந்த அறையைத் தாண்டித்தான் வெளியே போய் வந்தார், ஒருநாளும் மேலே பார்த்ததில்லை. தைத்து முடித்த துணியையெல்லாம் டெய்லரம்மா மூட்டை மூட்டையாக அங்கேதான் அடுக்கியிருந்தாள். அத்தனையும் செங்கல்லோடும் சுண்ணாம்போடும் பிய்ந்து தெருவில் கொட்டியது. ரவிக்கைகள், பள்ளிச் சீருடைகள், தபாலாபீஸ் அம்மாவின் மகளுக்கு அந்த வாரம் உடுத்த வேண்டிய கல்யாண உடுப்பு, பொக்லைன் பல்லில் மாட்டி ஆடிக்கொண்டிருந்த யாருடையதோ உள்பாவாடை.

பொக்லைன் நின்றது. மைக் வண்டியில் மட்டும் மேயரின் பதிவுசெய்த குரல் "தாய்மார்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் தபாலாபீஸ் அம்மா இடிபாட்டுக்குள் இறங்கினாள். அவள் பின்னால் மற்றப் பெண்கள். ஆளுக்கொரு துணியை இழுத்து உதறிப் பார்த்தார்கள். கல்யாண உடுப்பின் ஒரு கை மட்டும் கிடைத்தது. தபாலாபீஸ் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வீடியோக்காரர் எதை எடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எடுத்தார்.

பைக் திரும்பி வந்தது அப்போதுதான். டெய்லரம்மா பின்சீட்டில் லைனிங் மூட்டையோடு இருந்தாள். இறங்கினாள். வீட்டைப் பார்த்தாள். வேறு யாரோ ஒருவருடைய வீட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"பூட்டியிருந்துச்சே" என்றாள். "சாவி என்கிட்ட இருக்கு. எப்படித் திறந்தீங்க?"

மேயர் மச்சானைப் பார்த்தார். அது போதும். இன்னொரு சாவி அவனிடம் இருந்தது. துணி இறக்கிவைக்க அவளே கொடுத்தது.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "அதுக்குத்தான் மார்க்கெட்டா?"

மச்சான் நகத்தைப் பார்த்தான்.

"அழாதம்மா" என்றார் மேயர், அழாதவளிடம். "ஜெயிச்சதும் கட்டித் தரேன். இதைவிடப் பெருசா கட்டித் தரேன்."

"எங்கே?" என்றாள் அவள். "ரோட்டுலயா?"

மைக்கை யாரோ அணைத்தார்கள்.

அன்று மாலைக்குள் வீடியோ எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. மச்சான் சொன்னது சரிதான், ஜனங்கள் கண்ணால் பார்த்து நம்பினார்கள். நம்பியதுதான் வினை. அன்று சாயங்காலம் எங்கள் தெரு ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தங்கள் வீட்டுப் படியைப் பார்த்தார்கள். மாடிப்படி, தகரக் கூரை, பைக் நிறுத்தப் போட்ட மேடை. எது தெருவுக்குள் நீட்டவில்லை? மூக்கில்லாத வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. சலூன்காரர் தன் கடையின் முன்பாதியை ஒருமுறை பார்த்துவிட்டு, "கட்டின பொண்டாட்டி கடைக்கே இந்தக் கதின்னா, நான் என்ன அவருக்கு உறவா?" என்றார். பெண்களைக் கேட்கவே வேண்டாம். அவர்களுக்கு நாளைக்கு என்ன உடுத்துவது என்பதே பிரச்சினை.

எதிராளி கடைசிக் கூட்டத்தில் ஒரே ஒரு வரி பேசினார். நான் எதையும் இடிக்க மாட்டேன் என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை.

மேயர் தோற்றார். தோல்வி அவருக்குப் பழக்கம்தான். ஆனால் எண்ணும் இடத்தில் எங்கள் வார்டின் பெட்டிகளைத் திறந்தபோது, இருபது வருஷம் தன்னைக் கைவிடாத தெருக்களின் கணக்கை வாசித்தபோது, நாற்காலியைத் தேடிப் பின்னால் கையை நீட்டினாராம். நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார் என்றார்கள். மேயருக்கு நிற்பதற்காக இந்த முறை கவுன்சிலர் இடத்தையும் விட்டிருந்தார். அதுவும் போயிற்று.

டெய்லரம்மா யாருக்குப் போட்டிருப்பாள் என்பதுதான் தெருவின் பெரிய கேள்வி. எதிராளிக்குத்தான் என்று ஒரு கட்சி, போகவே இல்லை என்று ஒரு கட்சி. நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட முடியவில்லை. கிழிந்த ரவிக்கையைக் காட்டுகிற சாக்கில் போய்க் கேட்டே விட்டோம். அவள் பின்கட்டில் மெஷினைப் போட்டு, வெளிச்சம் போதாமல் குனிந்து, பிறத்தியார் துணியையெல்லாம் மறுபடியும் கூலியில்லாமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத்தான் போட்டேன்" என்றாள்.

ஊசியைக்கூட நிறுத்தவில்லை. நாங்கள் நின்ற இடத்தில் நின்றோம்.

"ரோடு அகலமாகணும்ல. மெத்தைக் கடைக்காரர் இன்னைக்கும் இடது கையாலதான் சாப்பிடறார். அவர் மேயர் ஆகியிருந்தா நல்லாத்தான் பண்ணியிருப்பார்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அதுக்காக அவர்கூட இருக்கணும்னு இல்லையே."

அந்த மாதமே போய்விட்டாள். பக்கத்து வார்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடி அறை. மகளும் கூடவே போனாள். மெஷின்களை ஏற்ற மேயர் ஒரு பக்கம் பிடிக்க வந்தார். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவரும் வண்டிவரை தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பெண்களெல்லாம் இப்போது படியேறி மூச்சு வாங்கி அங்கேதான் போய்த் தைக்கிறார்கள். தபாலாபீஸ் அம்மாவின் மகள் இரவல் உடுப்பில் கல்யாணம் செய்துகொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறாள், இரட்டைப் பிள்ளைகள்.

டெய்லரம்மாவின் மகள் அடுத்த வருஷம் தன்னோடு கண்ணாடிக் கடையில் வேலை செய்த பையனைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். கல்யாணத்துக்கு மேயர் வந்தார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். யாரோ மரியாதைக்கு முன்னால் வரச் சொன்னார்கள், பரவாயில்லை என்றுவிட்டார். கொஞ்ச நாளில் முன்சுவர் இல்லாத வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். வாங்கியவர்கள் முதல் வேலையாக முன்னறையைக் கட்டினார்கள். பழையதைவிட இரண்டடி நீளமாக.

மச்சானுக்கும் போன மாதம் கல்யாணம் ஆனது. பெண், ஜெயித்து மேயரான எதிராளியின் தங்கை மகள். பேச்சு எப்போது ஆரம்பித்தது என்று விசாரித்தோம். தேர்தலுக்கு முன்பிருந்தே என்றார்கள் பெண் வீட்டார், வெகு சாதாரணமாக. சலூன்காரர் அன்று கடையைப் பாதியில் மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். அக்காவுக்கு அழைப்பு போயிற்று, அவள் போகவில்லை. புதுத் தம்பதி ஆற்றுக்கு அந்தப் பக்கம், அகலமான தெருவாகப் பார்த்துக் குடிபோயிருக்கிறார்கள்.